வால்டன் குளம்: பார்க்கிங் 8 டாலர், நாட்காட்டி 170 ஆண்டு

பருவநிலை மாறுகிறது என்று சொல்வதற்கு ஆயிரம் இடம் உண்டு. எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிக்கு மாறியது என்று கணக்குக் காட்டக்கூடிய இடங்கள் கொஞ்சம்தான். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், கான்கார்ட் ஊரை ஒட்டியிருக்கும் வால்டன் குளம் அந்தக் கொஞ்சத்தில் ஒன்று. எழுத்தாளர் ஹென்றி டேவிட் தோரோ 1845 ஜூலை முதல் 1847 செப்டம்பர் வரை இதன் கரையில் குடிசை போட்டுத் தங்கினார் என்பது எல்லோருக்கும் தெரிந்த கதை. அதைவிடப் பெரிய காரியத்தை அவர் குடிசையைக் காலி செய்த பிறகு செய்தார். 1850களில் ஊரெல்லாம் நடந்து, எந்தச் செடி என்றைக்கு முதல் பூ விட்டது, எந்த மரம் என்றைக்கு இலை விட்டது, குளத்தில் ஐஸ் என்றைக்கு விலகியது என்று வருஷம் தவறாமல் குறித்து வைத்தார். அந்தக் குறிப்புகளை வைத்துக்கொண்டு போகிறவருக்கு இந்தப் பூங்கா எப்படி என்பதுதான் இங்கே விஷயம்.

முதலில் உள்ளே போகிற வழி. பெரும்பாலானவர்களுக்கு இங்கேதான் கோபம் வரும். மாநில அரசின் பூங்காத் துறை நடத்தும் இந்த இடத்துக்கு நுழைவுக் கட்டணம் கிடையாது, வண்டிக்கு மட்டும்தான். மாசசூசெட்ஸ் எண் பலகை என்றால் நாளுக்கு 8 டாலர், வெளிமாநில எண் பலகை என்றால் 30 டாலர். விமான நிலையத்தில் வாடகைக் கார் எடுக்கிறவர்கள் எண் பலகை எந்த மாநிலத்தது என்று பார்த்து எடுங்கள். பக்கத்து மாநிலப் பலகை மாட்டிய வண்டி கையில் வந்தால் 22 டாலர் கூடுதல். கட்டணமும் திறந்திருக்கும் நேரமும் மாறக்கூடியவை, கிளம்பும் அன்று பூங்காவின் பக்கத்தில் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. இன்னொன்று, குளத்தங்கரைக்கு இத்தனை பேர்தான் என்று வரம்பு உண்டு. கோடை வெயில் நாளில் வரம்பு நிரம்பியதும் வாசலை மூடிவிடுவார்கள், பிறகு சில மணி நேரம் யாருக்கும் அனுமதி இல்லை. இது கெடுபிடி அல்ல. கரை மணலும் பனியாற்றுச் சரளையும் கலந்த மண், மிதிபட்டால் சரிந்துவிடும். ஜூலை, ஆகஸ்ட் என்றால் காலையில் சீக்கிரம் போக வேண்டும், அல்லது சாயங்காலம்.

வண்டி இல்லாதவர்களுக்கு ரயில்தான் நல்ல வழி. பாஸ்டன் வடக்கு நிலையத்திலிருந்து ஃபிட்ச்பர்க் தடத்தில் ஏறி கான்கார்டில் இறங்க வேண்டும், முக்கால் மணி நேரத்துக்குள் ஆகிவிடும். சனி, ஞாயிறு என்றால் 10 டாலர் வார இறுதிச் சீட்டு போதும். நிலையத்திலிருந்து குளம் சுமார் ஒன்றரை மைல், அரை மணி நடை. நடுவில் ரூட் 2 என்ற வேகச் சாலையைக் கடக்க வேண்டும், சிக்னல் இருக்கும் இடத்தில் மட்டும் கடக்கவும். இந்தத் தடம் 1844இல் போட்டது. குளத்தின் மேற்கு மூலையை உரசிக்கொண்டு போகும். தோரோ காதில் விழுந்த அதே ரயில் பாதை. போகும்போது வலது பக்க ஜன்னலோரம் உட்கார்ந்தால் மரங்களுக்கு நடுவே தண்ணீர் ஒரு கணம் தெரிந்து மறையும்.

குடிசை பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பார்க்கிங் அருகே நிற்பது நகல். 10 அடிக்கு 15 அடி, உள்ளே கட்டில், மேசை, மூன்று நாற்காலி. அசல் நாற்காலியும் மேசையும் பார்க்க வேண்டுமானால் ஊருக்குள் இருக்கும் கான்கார்ட் அருங்காட்சியகத்துக்குப் போக வேண்டும். குடிசை உண்மையில் நின்ற இடம் குளத்தின் வடக்குக் கரைக்கு மேலே. 1945இல் ராலண்ட் ராபின்ஸ் தோண்டிப் புகைபோக்கியின் அடித்தளத்தைக் கண்டுபிடித்தார், இப்போது கருங்கல் தூண்கள் நட்டிருக்கிறார்கள். பக்கத்தில் 1872 முதல் வந்தவர்கள் போட்டுப் போட்டுச் சேர்ந்த கற்குவியல். அரை மைல் நடை, படம் எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடலாம்.

அசல் விஷயம் குளம். பனியாறு பின்வாங்கும்போது மண்ணுக்குள் புதைந்துபோன ஒரு பெரிய ஐஸ் பாறை மெல்ல உருகி விட்ட குழி இது. பரப்பு 61 ஏக்கர், ஆழம் நூறு அடிக்குக் கொஞ்சம் மேல். 1846இல் ஐஸ் விலகும் முன்னே துளை போட்டு, கயிறும் கல்லுமாக நூற்றுக்கும் மேற்பட்ட இடங்களில் ஆழம் பார்த்து, 102 அடி என்று தோரோ சொன்னார். இன்றைய கருவிகள் காட்டுவதும் கிட்டத்தட்ட அதுவே. இந்தக் குளத்துக்கு வரத்துக் கால்வாயும் இல்லை, கலிங்கும் இல்லை. எல்லாம் நிலத்தடி ஊற்று. அதனால்தான் இதன் ஐஸ் ஒரு நல்ல அளவுகோல். ஓடை பாயும் குளத்தில் ஒரு நாள் வெள்ளம் வந்தால் ஐஸ் உடைந்துவிடும், குளிர்காலம் எப்படி இருந்தது என்று அதை வைத்துச் சொல்ல முடியாது. ஆழமில்லாத குளம் நாலு நாள் வெயிலுக்கே இளகிவிடும். ஆழமாகவும் ஓட்டம் இல்லாமலும் இருக்கும் வால்டன் சில்லறை வெப்ப மாற்றத்துக்கு அசையாது. பக்கத்துக் குளங்களைவிட ஒரு வாரம், பத்து நாள் தாமதமாகத்தான் திறக்கும். தோரோவே இதைக் கவனித்து எழுதியிருக்கிறார். 1847 மார்ச் 6 அன்று வெப்பமானியை நடுக்குளத்தில் விட்டு 32 டிகிரி ஃபாரன்ஹீட், கரையருகே 33 என்று பார்த்தார். அதே நாள் ஆழமில்லாத பக்கத்துக் குளத்தில், கரையிலிருந்து கொஞ்சம் தள்ளி, ஓர் அடி ஐஸுக்குக் கீழே 36 இருந்தது.

குளம் முழுக்கத் திறந்த தேதி என்று அவர் தருவன: 1845இல் ஏப்ரல் 1, 46இல் மார்ச் 25, 47இல் ஏப்ரல் 8, 51இல் மார்ச் 28, 52இல் ஏப்ரல் 18, 53இல் மார்ச் 23, 54இல் ஏப்ரல் 7 வாக்கில். கூட்டி வகுத்தால் ஏப்ரல் 2. இந்தக் காலத்தில் சராசரி மார்ச் நடுப்பகுதிக்கு வந்துவிட்டது. அதாவது இரண்டு வாரம் போல முந்தியிருக்கிறது. ஆனால் மேலே இருக்கும் ஏழு தேதிகளை இன்னொரு தடவை பாருங்கள்: 1852க்கும் 1853க்கும் நடுவே 26 நாள் வித்தியாசம். ஒரு வருஷம் போய், "மார்ச் கடைசியிலும் ஐஸ் இருக்கிறதே, எங்கே வெப்பமாதல்?" என்று கேட்பதும் தப்பு, பிப்ரவரியிலேயே தண்ணீர் தெரிகிறது என்று அலறுவதும் தப்பு. ஒற்றை வருஷத்தின் ஆட்டம், மொத்த நகர்வைவிடப் பெரியது. அதனால்தான் நீண்ட பதிவு வேண்டியிருக்கிறது.

ஐஸ் பேச்சு வந்ததால் நம் ஊர்ச் சங்கதி ஒன்று. 1846-47 குளிர்காலத்தில் நூறு பேர் இந்தக் குளத்தில் இறங்கி ஐஸ் வெட்டினார்கள். நல்ல நாளில் ஆயிரம் டன் எடுத்தார்களாம். நியூ இங்கிலாந்து ஐஸ் கப்பலேறி மதராஸ் வரை வந்த காலம் அது. திருவல்லிக்கேணி கடற்கரைச் சாலையில் ஐஸ் ஹவுஸ் என்று இன்னும் பெயர் நிற்கும் விவேகானந்தர் இல்லம், ஐஸ் வியாபாரி ஃபிரெடரிக் டியூடர் தன் ஐஸை வைக்க 1842இல் கட்டிய கிடங்கு. வால்டனில் அடுக்கிய குவியல் பத்தாயிரம் டன் என்று மதிப்பு. அதில் பெரும்பகுதியை யாரும் கொண்டுபோகவே இல்லை. வைக்கோலும் பலகையும் போட்டு மூடிய அந்தக் குவியல், அடுத்த ஜூலையில் கூரை பிரித்த பிறகும், இரண்டு கோடை தாண்டி 1848 செப்டம்பரில்தான் முழுக்க உருகியது. ஐஸ் அப்போது 16 அங்குலம் வரை கனத்தது. இன்று ஜனவரியில் போகிறவர்கள் அந்தக் கணக்கை நம்பிக் கால் வைக்கக் கூடாது. நடக்க வேண்டுமானால் கண்ணாடி போலத் தெளிந்த ஐஸ் குறைந்தது 4 அங்குலம் வேண்டும். வெள்ளையாகப் பனி கலந்து உறைந்தது என்றால் அதன் பலம் பாதிதான். குளிர்காலத்தின் நடுவே மழையும் வெயிலும் வந்துபோவது இப்போது வாடிக்கை என்பதால், ஒரே குளத்தில் பத்தடி தள்ளிப் போனாலே கனம் மாறும். துளை போட்டு அளக்காமல் இறங்குவதற்கு இது இடமல்ல.

பூக்களுக்கு வருவோம். பூங்காவின் உண்மையான காட்சிப்பொருள் இதுதான், எந்தக் கண்ணாடிப் பெட்டியிலும் இல்லை. தோரோவுக்குப் பிறகு கான்கார்டின் கடைக்காரர் ஆல்ஃபிரட் ஹாஸ்மர் 1888 முதல் 1902 வரை அதே வேலையை விடாமல் செய்தார். 2003க்குப் பிறகு பாஸ்டன் பல்கலைக்கழகத்தின் ரிச்சர்ட் பிரிமாக்கும் ஆப்ரகாம் மில்லர்-ரஷிங்கும் அந்தப் பழைய பதிவுகளைக் கையில் எடுத்துக்கொண்டு அதே செடிகளைத் தேடி நடந்தார்கள். முடிவு: 1852க்கும் 2006க்கும் இடையே, ஒப்பிட முடிந்த 43 பொதுவான வசந்தகாலச் செடிகள் சராசரியாக 7 நாள் முந்திப் பூக்கின்றன. அதே காலத்தில் கான்கார்டின் வெப்பம் 2.4 டிகிரி செல்சியஸ் ஏறியிருக்கிறது. வகுத்துப் பார்த்தால் ஒரு டிகிரிக்கு 3 நாள். அந்த 2.4இல் பாஸ்டன் பெருநகரம் வளர்ந்ததால் வந்த சூடும் சேர்ந்திருக்கிறது என்பதை மறக்கக் கூடாது. முழுவதையும் உலக வெப்பமாதல் கணக்கில் எழுதுகிறவர்கள் அவசரக்காரர்கள்.

சராசரிக்குள்ளே ஏகப்பட்ட ஏற்றத்தாழ்வு. கரையோரம் புதராக நிற்கும் உயர ப்ளூபெரி 21 நாள் முந்திவிட்டது. மஞ்சள் புளியாரை 32 நாள். சில செடிகள் அசையவே இல்லை. அசையாதவைதான் அடி வாங்கின. தோரோ பார்த்த இனங்களில் 27 சதவீதம் கான்கார்டில் இப்போது இல்லை, இன்னும் 36 சதவீதம் எண்ணிக்கையில் மிகக் குறைந்து விளிம்பில் நிற்கின்றன. வெப்பத்துக்கு ஏற்பத் தேதியை நகர்த்தத் தெரிந்த செடி பிழைக்கிறது, தெரியாதது போகிறது. ஆர்க்கிட், லில்லி வகையறாக்கள் போகிற பட்டியலில் முன்னால். காரணம் வெப்பம் மட்டுமல்ல என்பதையும் சொல்ல வேண்டும். தோரோ காலத்தில் கான்கார்டில் பெரும்பாலும் வயலும் மேய்ச்சல் நிலமும்தான், காடு கொஞ்சம். இன்று காடு மூடிவிட்டது, வெயில் தேடும் செடிக்கு நிழல் விழுகிறது. அன்று அரிதாக இருந்த மான் இன்று மந்தையாகத் திரிந்து மேய்கிறது.

இதைக் கண்ணால் பார்க்க எங்கே நிற்பது? குளத்தைச் சுற்றும் பாதை சுமார் 1.7 மைல். இரு பக்கமும் கம்பி வேலி. கரை சரியாமல் இருக்கப் போட்டது. இறங்கிப் போய்ச் செடியைத் தொட முடியாது. பூப்பார்க்க வருகிறவருக்கு இது குறைதான், ஆனால் வேலி இல்லாவிட்டால் பார்க்கச் செடியே இருக்காது. ப்ளூபெரிப் புதர் தண்ணீர் ஓரத்திலேயே நிற்பதால் பாதையிலிருந்து நன்றாகத் தெரியும்: தலைகீழாகத் தொங்கும் சின்ன வெள்ளைக் குடம் போன்ற பூ, கொத்துக் கொத்தாக, நுனி மட்டும் லேசாக மடங்கியிருக்கும். தோரோ நாளில் இது மே நடுவில் பூத்தது. இப்போது ஏப்ரல் கடைசி வாரத்திலேயே தேட ஆரம்பிக்க வேண்டும். மிகச் சூடான வசந்தமான 2012இல் ஏப்ரல் தொடக்கத்திலேயே பூத்துவிட்டது, ஆறு வாரம் முந்தி.

தேதி குறிக்க விரும்புகிறவர்கள் சில விஷயங்களில் கவனமாக இருக்க வேண்டும். பூத்தது என்றால் முழுதாக விரிந்த பூ ஒன்று. மொட்டு நிறம் காட்டினால் கணக்கில் சேராது. எந்தப் புதர், பாதையின் எந்தப் பக்கம், வெயிலா நிழலா என்று எழுதுங்கள், தெற்கு பார்த்த கரையில் நிற்பது எதிர்க்கரையைவிட முன்னதாகப் பூக்கும். பூ இல்லாத நாளையும் குறித்து வைக்க வேண்டும். 20ஆம் தேதி இல்லை, 23ஆம் தேதி இருந்தது என்றால்தான் தேதிக்கு மதிப்பு. நேரே போய் 23ஆம் தேதி பார்த்தேன் என்றால் அது எப்போது விரிந்தது என்று யாருக்குத் தெரியும்? முதல் பூத் தேதியில் இன்னொரு கோணலும் உண்டு. நூறு செடி இருந்த இடத்தில் பத்து மட்டும் மிஞ்சினால், முந்திப் பூக்கும் ஒன்று அந்தப் பத்தில் இருக்கும் வாய்ப்புக் குறைவு. ஆகவே அருகிவரும் செடி உண்மையைவிடத் தாமதமாகப் பூப்பது போலக் காட்டும்.

மரங்களின் கதை வேறு. இலை விடுவது சுமார் இரண்டு வாரம் முந்தியிருக்கிறது, தரையோரக் காட்டுப்பூச் செடிகள் ஒரு வாரம்தான் முந்தியிருக்கின்றன. ஒரு வாரம்தானே என்று விடக்கூடாது. மேலே மரம் இலை மூடும் முன்னே தரையில் விழும் வெயிலில்தான் இந்தச் செடிகள் வருஷத்துக்கான சாப்பாட்டைச் சேமிக்கின்றன. மரம் அவசரப்பட்டால் அந்த இடைவெளி சுருங்குகிறது. ஏப்ரல் மூன்றாம் வாரம் ஒருமுறை, மே முதல் வாரம் ஒருமுறை என்று போய் ஒரே இடத்தில் நின்று மேலே பார்த்து ஒரு படம், கீழே பார்த்து ஒரு படம் எடுத்தால் இலைக்கூரை எவ்வளவு வேகமாக மூடுகிறது என்பது புரியும். மே நடுப்பகுதியில் பைன், ஓக் மரங்களடியில் இளஞ்சிவப்பு லேடீஸ் ஸ்லிப்பர் ஆர்க்கிட் கிடைத்தால் அதிர்ஷ்டம். தேன் தராமல் வண்டை ஏமாற்றி உள்ளே இழுக்கும் பூ. அதனால் காய் பிடிப்பதே அபூர்வம். விதை முளைக்க மண்ணில் குறிப்பிட்ட பூஞ்சை வேண்டும், பிடுங்கி நட்டால் பிழைக்காது. செயலிகளில் பதிவிடும்போது சரியான இடத்தை மறைத்துப் போடுங்கள்.

பறவைகள் இந்தக் கணக்கில் அவ்வளவாகச் சேராது. வலசை வரும் பலவற்றின் வருகைத் தேதி பெரிதாக நகரவில்லை. செடியும் பூச்சியும் முந்த, பறவை பழைய நாளுக்கே வந்தால் என்ன ஆகும் என்பது தனிக் கவலை.

தண்ணீருக்கு நல்ல மதிப்பெண்தான், இப்போதைக்கு. 25, 30 அடி ஆழத்தில் தரை தெரியும் என்று தோரோ எழுதிய தெளிவுக்கு முக்கியக் காவலாளி, சுமார் 6 மீட்டருக்குக் கீழே படுகையில் வளரும் நைட்டெல்லா என்ற பாசியினம். சத்தை அது உறிஞ்சிக்கொள்வதால் மிதக்கும் பாசிக்கு மிச்சம் இல்லை. ஆனால் அதற்கு அந்த ஆழத்துக்கு வெளிச்சம் போக வேண்டும். கலங்கினால் நைட்டெல்லா சாகும், செத்தால் மேலும் கலங்கும். கலங்கலுக்குத் தீனி பாஸ்பரஸ். கோடையில் குளத்தில் சேரும் பாஸ்பரஸில் பாதிக்கு மேல் நீந்துகிறவர்கள் தண்ணீரிலேயே சிறுநீர் கழிப்பதால் வருவது என்பது ஆய்வுக் கணிப்பு. கோடை நீண்டு சூடானால் கூட்டமும் நீளும், மேல்நீர் கீழ்நீரோடு கலக்காத மாதங்களும் நீளும், அடியில் ஆக்சிஜன் தீர்ந்து படுகை மண்ணிலிருந்தும் பாஸ்பரஸ் கசியும். 2018இல் ஆய்வாளர் கர்ட் ஸ்டேகரின் குழு படுகைச் சேற்றை அடுக்கடுக்காக எடுத்துப் பார்த்து எச்சரித்ததும் இதைத்தான். குழந்தைகளோடு போகிறவர்கள் தண்ணீரில் இறங்கும் முன்பும், பிறகு மணிக்கு ஒரு தடவையும் கழிப்பறைக்கு நடத்திக் கூட்டிப் போகவும். அலுப்பான வேலை, ஆனால் இந்தக் குளத்துக்கு ஒரு பார்வையாளர் செய்யக்கூடியதில் பெரியது அதுதான்.

காற்றடைத்த மிதவை, நாய், சைக்கிள், அடுப்பு, மது எதற்கும் அனுமதி இல்லை. மான் உண்ணி உண்டு, லைம் நோய் பரப்பும்; முழுக்கால் சட்டையைக் காலுறைக்குள் செருகி, திரும்பியதும் முழங்கால் மடிப்பு, இடுப்பு, காதுக்குப் பின்புறம் பார்க்கவும். மூன்று மூன்று இலையாக வேலியோரம் பளபளப்பது பாய்சன் ஐவி என்ற நச்சுச் செடி, கை வைத்தால் வாரக்கணக்கில் அரிக்கும்.

எந்த மாதம் போவது என்று கேட்டால், நீச்சலுக்கு செப்டம்பர் முதல் வாரங்கள். தண்ணீர் இன்னும் வெதுவெதுப்பு, கூட்டம் இல்லை. தேதி பார்க்க என்றால் மார்ச் இரண்டாம் வாரம் ஐஸுக்கு, ஏப்ரல் கடைசி ப்ளூபெரிக்கு. இரண்டில் ஒன்றுதான் முடியும் என்றால் ஏப்ரல். ஐஸ் ஒரு ராத்திரியில் காற்றடித்துப் போய்விடும், பூ ஒரு வாரமாவது நிற்கும். பூங்காவுக்கு முன்னால் ஊருக்குள் கான்கார்ட் இலவசப் பொது நூலகத்தையும் எட்டிப் பார்க்கலாம். தோரோ வரைந்த நில அளவைப் படங்கள் அதன் சிறப்புச் சேகரிப்பில் இருக்கின்றன. அந்தப் பிரிவுக்கு நேரம் தனி, முன்கூட்டியே கேட்டுவிட்டுப் போகவும்.